கத்தி பட்டால் போதுமா? கண் தெரிய வேண்டாமா?

கண்புரை கிழவர்களுக்கு வரும் நோய் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இல்லை, தோழர்களே! புரையோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா கண்டால் வரலாம், பரம்பரையாக வரலாம், காரணம் தெரியாமலும் வரலாம்.

முதியவரின் புரை சில மாதம் பொறுக்கும். பச்சைக் குழந்தையின் புரை பொறுக்காது. ஒளி உள்ளே போனால்தான் மூளை பார்க்கப் பழகும். அடர்ந்த புரை ஒரு கண்ணில் இருந்தால் ஏறத்தாழ 6 வாரத்துக்குள், இரு கண்ணிலும் இருந்தால் 8 முதல் 10 வாரத்துக்குள் அறுவை நடப்பது நலம் என்கிறது மருத்துவம். பிந்திச் செய்தாலும் பயன் உண்டு. ஆனால் கிடைக்கும் பார்வை குறைந்துபோகும்.

ஜவ்வாது மலையையும் கல்வராயன் மலையையும் நினைத்துப் பாருங்கள்! கண்மணியில் வெள்ளை தெரிவதைத் தாய் கண்டுகொள்ள வேண்டும். மலை இறங்க வேண்டும். பஸ் பிடிக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்குள் அந்த 6 வாரம் என்னாகும்?

சரி, அறுவை முடிந்தது. வேலை முடிந்ததா? இல்லை! கண்ணாடி வேண்டும். கண் வளர வளர அதை மாற்ற வேண்டும். ஒரு கண் பின்தங்கினால், நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிப் பழக்க வேண்டும். மீண்டும் திரை படரலாம். கண் அழுத்தம் ஏறலாம். ஆண்டுக்கணக்கில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அறுவை இலவசமாக இருக்கலாம். பஸ் கட்டணம்? போன நாளின் கூலி? அன்றாடங்காய்ச்சியான தகப்பன் எத்தனை நாள் வேலையை விடுவான்? வராதவனை அக்கறையற்றவன் என்று ஏசுவது எளிது. கூலியை இழப்பவன் அவன்!

பார்வையிழப்புத் தடுப்புக்கென மத்திய அரசின் திட்டம் 1976-லேயே வந்தது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்கும் திட்டம் 2013-ல் வந்தது. தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி 2017-ல் தமிழகத்துக்கு வந்தது. நல்லவைதான்! ஆனால் இத்தனை அறுவை செய்தோம் என்ற கணக்கு மட்டும் போதாது. இத்தனை குழந்தைகள் இன்று கரும்பலகையைப் படிக்கிறார்கள் என்ற கணக்கும் வேண்டும்.

ஆகவே கேட்போம்: மலையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும் பிறந்த வாரமே பார்க்க வேண்டும். துணைக்கு வருபவருக்குப் பயணச் செலவும் கூலியும் தர வேண்டும். கண்ணாடியும் மறுபரிசோதனையும் மலைக்கே போக வேண்டும்.

கிளைத் தோழர்களே! குழந்தையின் கண்மணி வெளுத்திருக்கிறது என்று காதில் விழுந்தால் அடுத்த முகாமுக்குக் காத்திராதீர்கள். அன்றே அழைத்துச் செல்லுங்கள்!