அட்வுட் கருவியை அலமாரியில் பூட்டாதீர்கள்



ஆய்வகங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் பழைய கருவிகளை வெறும் காட்சிப்பொருள் என்று ஒதுக்கியிருந்தது வருத்தம் தந்தது. கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் அட்வுட் 1784-இல் தம் நூலில் விவரித்த கருவியைப் பாருங்கள். உராய்வு குறைந்த கப்பியின் மேல் ஒரு நூல், இருபுறமும் சம எடைகள். ஒரு பக்கம் சிறு எடை கூட்டினால், கண்ணிமைப்பதற்குள் விழ வேண்டியது மெல்ல இறங்கும். 49 கிராமும் 51 கிராமும் தொங்கவிட்டால், கப்பியின் நிறையை விட்டுவிட்டுப் பார்க்கையில், முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான்! ஊசல் கடிகாரத்தின் துடிப்பை எண்ணியே நியூட்டனின் இரண்டாம் விதியைச் சரிபார்க்கலாம். இதே சோதனையைக் கணினியில் செய்தால், திரையில் விடை தானாக வந்துவிடுகிறது. இந்தக் கருவியிலோ மாணவரே அளந்து எடுக்க வேண்டும். கல்லூரிகளில் தூசி படிந்து கிடக்கும் கப்பிகளுக்கு எண்ணெய் விட்டு, முதலாண்டு வகுப்புகளுக்காவது கொண்டுவாருங்கள்.

— இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு)