தேர்க்காலும் ஆராய்ச்சி மணியும்

நுழையும்முன்

குடித்துவிட்டும் கண்மூடித்தனமாகவும் ஊர்தி ஓட்டுவோருக்கு நம் நாட்டில் வழங்கப்படும் தண்டனை போதுமானதா? கோர நிகழ்வொன்றைச் செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் எழுந்து, மறுநாளே மறந்துபோகும் வினா இது. தண்டனையின் கடுமை, உறுதி, விரைவு ஆகிய மூன்றையும் வேறுபடுத்திப் பார்த்து இவ்வினாவுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

திருவாரூர்த் தெருவில் ஒரு வழக்கு

தமிழர் நினைவில் நீங்காது நிற்கும் சாலை வழக்கு ஒன்று உண்டு. திருவாரூர்த் தெருவில் இளவரசனின் தேர் விரைந்து செல்கிறது. துள்ளி வந்த இளங்கன்று ஒன்று சக்கரத்தில் அகப்பட்டு இறக்கிறது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்குச் சென்று, ஆராய்ச்சி மணியைத் தன் கொம்பால் அசைக்கிறது. மணியோசை கேட்ட மன்னன் வெளியே வருகிறான். பெரியபுராணம் விரித்துரைக்கும் கதை இது. பாண்டியன் அவையில் தன் ஊரின் பெருமையைக் கூறும் கண்ணகியும் இச்சோழனை நினைவுகூர்வதாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது.

இக்கதையில் நாம் பெரும்பாலும் கடந்துபோகும் பகுதி ஒன்று உள்ளது. இளவரசனுக்குக் கழுவாய் ஒன்றை விதித்து இச்சிக்கலை முடித்துவிடலாம் என்று அமைச்சர்கள் மன்னனுக்கு எடுத்துரைக்கின்றனர். மன்னன் அதனை ஏற்கவில்லை. பிறர் செய்திருந்தால் தண்டிக்கும் நான், என் மகன் செய்ததால் கழுவாய் தேடுவதா என்று கேட்கிறான். அந்தக் கழுவாய் தாய்ப்பசுவின் துயரைத் தீர்க்குமா என்றும் வினவுகிறான். செல்வாக்குள்ளவர் வீட்டுப் பிள்ளை ஊர்தியோட்டி உயிர் பறித்தால் நீதி எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்னும் வினா, நமக்குப் புதிதன்று.

எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன; 1,68,491 பேர் உயிரிழந்தனர் என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 462 பேர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். முதலிடம் பெற்றதற்காக நாம் வருந்தவேண்டிய பட்டியல்களுள் இது முதன்மையானது.

எண்கள் எளிதில் மறந்துபோகும், முகங்கள் மறவா. பல ஆண்டுகளுக்கு முன் என் பதினோராம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி அவன் கைக்கு வந்து ஒரு திங்கள்கூட ஆகவில்லை. மாலையில் வீடு திரும்பும்போது, எதிர்த்திசையில் தடம் மாறி வந்த வேன் அவன்மீது மோதியது. ஓட்டியவர் குடித்திருந்தார் என்பதை ஊரே அறியும். ஆயினும், அவருடைய குருதி மறுநாள் பிற்பகலில்தான் சோதனைக்கு எடுக்கப்பட்டது. அதற்குள் குருதியில் இருந்த சான்று கரைந்துபோயிற்று. ஏழாண்டுகள் கழித்துத் தீர்ப்பு வந்தது: அபராதம் மட்டும். அவர் அத்தொகையைச் செலுத்திவிட்டு, அதே நாளில் வேனை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். மகனின் மதிப்பெண் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளப் பள்ளிக்கு வந்திருந்த அத்தாயிடம் இச்செய்தியைச் சொல்லும் துணிவு எங்களுள் எவருக்கும் இல்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயரின்மீது சிவப்பு மையால் கோடிட்டது என் கைதான்.

எது விபத்து?

'விபத்து' என்னும் சொல்லை நாம் எல்லா நிகழ்வுகளுக்கும் பொதுவாகப் பயன்படுத்துகிறோம். சக்கரம் வெடித்து ஊர்தி நிலைகுலைவது விபத்து. கன்று திடீரெனக் குறுக்கே பாய்வதும் விபத்துதான். ஆனால், குடித்தபின் சாவியைக் கையில் எடுப்பவர் ஒரு முடிவை எடுக்கிறார். நெரிசல் மிகுந்த கடைத்தெருவில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரும் ஒரு முடிவை எடுக்கிறார். எவர் மீது மோதப்போகிறோம் என்பதை மட்டுமே அவர் அறியார். மோதக்கூடும் என்பதை நன்கு அறிவார்.

மது மூளையின் செயல்பாட்டை மந்தப்படுத்துகிறது. தொலைவையும் வேகத்தையும் தவறாகக் கணிக்கச் செய்கிறது. அதே வேளையில், தன்னால் எல்லாம் இயலும் என்னும் பொய்த்துணிவையும் ஊட்டுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடும். நிறுத்தியை மிதிக்க அரை நொடி தாமதித்தாலும், ஊர்தி எட்டு மீட்டருக்கு மேல் முன்னேறியிருக்கும். சாலையைக் கடக்கும் முதியவர் ஒருவர் உயிர் பிழைப்பதும் இறப்பதும் அந்த எட்டு மீட்டரில் அடங்கியுள்ளது.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் இயற்றப்பட்டது. 2019இல் அது பெரிதும் திருத்தப்பட்டது. நூறு மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது கலந்திருக்கும் நிலையில் ஊர்தி ஓட்டுவது, அச்சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி குற்றம். முதல்முறை பிடிபட்டால் ஆறு திங்கள் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். திருத்தத்திற்கு முன் இவ்வபராதத்தின் உச்சம் 2,000 ரூபாயாகவே இருந்தது. மீண்டும் பிடிபட்டால் ஈராண்டுகள் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். கைப்பேசியை ஏந்தியவாறு ஓட்டுவதும் ஆபத்தாக ஓட்டும் குற்றத்துள் அடங்கும்.

உயிரிழப்பு நேர்ந்தால் என்ன தண்டனை? இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவு, கவனக்குறைவால் விளைந்த மரணத்திற்கு ஈராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்றது. 1870இல் சேர்க்கப்பட்ட அப்பிரிவு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. வெறும் அபராதத்தோடு ஓர் உயிரின் கணக்கை முடிக்க அதில் வழியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா, இத்தண்டனையை ஐந்தாண்டு வரை உயர்த்தியதோடு, சிறையுடன் அபராதமும் உண்டு என்றாக்கியுள்ளது. இது வரவேற்கத்தக்க மாற்றம். விபத்து நடந்ததைத் தெரிவிக்காமல் தப்பியோடுவோருக்குப் பத்தாண்டு வரை சிறை என்னும் பிரிவும் அச்சட்டத்தில் எழுதப்பட்டது. 2024 சனவரியில் சரக்குந்து ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்தைத் தொடர்ந்து, அப்பிரிவு மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

ஒரே குற்றம், வேறு வேறு அளவுகோல்

2006 நவம்பரில் மும்பையின் கார்ட்டர் சாலையில், நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள்மீது மகிழுந்து ஏறியதில் எழுவர் இறந்தனர். விசாரணை நீதிமன்றம் விதித்த சிறைத்தண்டனை ஆறு திங்கள். மும்பை உயர்நீதிமன்றம் அதனை மூன்றாண்டுகளாக உயர்த்தியது. 2012இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஒரே நிகழ்வு, ஒரே சான்றுகள், ஆயினும் ஒரு நீதிமன்றத்திற்கும் மற்றொன்றுக்கும் இடையே ஆறு மடங்கு வேறுபாடு. கவனக்குறைவு எங்கே முடிகிறது, அறிந்தே செய்த குற்றம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சட்டம் தெளிவாக வரையறுக்காததன் விளைவு இது.

2024 மே மாதத்தில் புனே நகரில் நிகழ்ந்ததை மாணவர்கள் அறிந்திருக்கக்கூடும். பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் விலையுயர்ந்த மகிழுந்து மோதி, இருசக்கர ஊர்தியில் சென்ற இளைஞர் ஒருவரும் இளம்பெண் ஒருவரும் உயிரிழந்தனர். சில மணி நேரத்திற்குள் சிறார் நீதி வாரியம் பிணை வழங்கியது. சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதவேண்டும் என்பது பிணையின் நிபந்தனைகளுள் ஒன்று. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் வாரியம் தன் ஆணையை மாற்றியமைத்தது. பிணை நிபந்தனை தண்டனையாகாது என்பதும், சிறாரைத் திருத்துவதே சிறார் சட்டத்தின் நோக்கம் என்பதும் உண்மையே. ஆயினும், மக்கள் கொதித்ததற்குக் காரணம் உண்டு. அமைச்சர்கள் சோழனிடம் சொன்ன கழுவாய், 300 சொற்களாக உருமாறி வந்ததாகவே மக்கள் கண்டனர். அவ்வழக்கில் குருதி மாதிரியை மாற்றினர் என்னும் குற்றச்சாட்டில் மருத்துவர்கள் கைதானபோது, அந்த ஐயம் மேலும் வலுத்தது.

கடுமை மட்டும் போதுமா?

அப்படியானால், தண்டனையை இன்னும் பன்மடங்கு உயர்த்தினால் சாலைகள் பாதுகாப்பாகிவிடுமா? ஆகா என்பதே என் கருத்து. இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா, குற்றமும் தண்டனையும் பற்றி 1764இல் எழுதிய நூலில், தண்டனையின் கொடுமையைவிட அது தப்பாது வந்தடையும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என வாதிட்டார். குடித்துவிட்டு ஓட்டுபவர் சட்டப்பிரிவுகளை எண்ணிப் பார்ப்பதில்லை. 'இன்று இந்தச் சாலையில் காவலர் இருப்பாரா?' என்று மட்டுமே எண்ணுகிறார். இருக்கமாட்டார் என்னும் நம்பிக்கை இருக்கும்வரை, பத்தாண்டுச் சிறையும் ஏட்டுச்சுரைக்காயே.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில், எந்த ஓட்டுநரையும் எவ்விடத்திலும் நிறுத்தி மூச்சுச் சோதனை செய்யும் முறையைக் கொண்டுவந்தது. சாலை உயிரிழப்புகள் கணிசமாகக் குறைந்தன. எப்போது வேண்டுமானாலும் பிடிபடலாம் என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் பதிந்ததே அதற்கு முதன்மைக் காரணம். பண்டிகை இரவுகளில் மட்டும் நடக்கும் சோதனை அந்த எண்ணத்தை உருவாக்காது.

அபராதத்திலும் ஒரு குறை உள்ளது. 10,000 ரூபாய் என்பது கூலித்தொழிலாளி ஒருவருக்குப் பல வாரங்களின் உழைப்பு. சொகுசு மகிழுந்தின் உரிமையாளருக்கோ ஓரிரவு விருந்தின் செலவு. தொகை ஒன்றே, வலி ஒன்றன்று. பின்லாந்து நாட்டில் மிகைவேகம் உள்ளிட்ட குற்றங்களுக்கு, குற்றவாளியின் நாள் வருமானத்தைக் கணக்கிட்டு அபராதம் விதிக்கப்படுகிறது. அம்முறையை நாமும் எண்ணிப் பார்க்கலாம்.

மறுபக்கத்தையும் காண்பது நேர்மை. சரக்குந்து ஓட்டுநர்களின் அச்சம் பொய்யன்று. விபத்து நடந்த இடத்தில் நின்றால் கூட்டத்தின் அடிக்கு இரையாவோம் என்கின்றனர். இரவு பகலாக உறக்கமின்றி ஓட்டவைக்கும் உரிமையாளர் வீட்டில் உறங்க, ஓட்டுநர் மட்டும் சிறை செல்வது எவ்வகை நீதி? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961இலேயே வரையறுத்தது. அதனை மீறுவோர்மீதும் சட்டம் பாயவேண்டும். ஜப்பான் 2007இல் தன் சட்டத்தைத் திருத்தி, குடித்தவருக்கு ஊர்தியைக் கொடுத்தவர், ஓட்டப்போகிறார் என அறிந்தும் மது வழங்கியவர், உடன் பயணம் செய்தவர் ஆகியோரையும் தண்டனைக்கு உரியவராக்கியது. குற்றம் ஒருவருடையதாகத் தோன்றினும், அதற்குத் துணைநிற்கும் கைகள் பல.

செய்ய வேண்டுவன

எனவே, தண்டனை போதுமா என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடையில்லை. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபடுபவருக்கு ஏட்டில் உள்ள தண்டனை போதுமானதே. குடித்து ஓட்டி உயிர் பறிப்பவருக்கு அது போதாது. அக்குற்றத்தைப் பொதுவான கவனக்குறைவிலிருந்து பிரித்து, தனிப்பிரிவாக வரையறுத்து, குறைந்தபட்சச் சிறைத்தண்டனையும் நீண்டகால உரிம நீக்கமும் விதிக்கவேண்டும். அதனினும் முதன்மையானது, குருதிச் சோதனை உரிய நேரத்தில் நடைபெறுவதும், ஈராண்டுக்குள் வழக்கு முடிவதும் ஆகும். ஏழாண்டு கழித்துக் கிடைக்கும் ஐந்தாண்டுச் சிறையைவிட, ஓராண்டுக்குள் உறுதியாகக் கிடைக்கும் ஈராண்டுச் சிறை அச்சத்தை விளைவிக்கும்.

இவ்வகுப்பில் பயிலும் மாணவர்கள் தம்மைப் பற்றியும் எண்ணிப் பார்க்கவேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் மோட்டார் ஊர்தி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கு அல்லது ஊர்தியின் உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது. ஊர்தியின் பதிவு பன்னிரண்டு திங்களுக்கு நீக்கப்படும். ஓட்டியவருக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. தந்தையின் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கும் ஒரு நொடியில் இத்தனையும் அடங்கியுள்ளன. குடித்த நண்பனிடமிருந்து சாவியைப் பறித்து வைத்துக்கொள்பவனை நட்பைக் கெடுத்தவன் என எவரும் சொல்லார்.

சோழன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டதையே நாம் காலங்காலமாகப் போற்றி வருகிறோம். அத்தகைய தண்டனை இக்காலத்துக்கு உரியதன்று. இளவரசன் குடித்திருக்கவுமில்லை, வேண்டுமென்றே செய்யவுமில்லை. நாம் அக்கதையிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது தேர்க்காலை அன்று, மணியை. வாயில்லாத உயிரும் தன் குறையைச் சொல்ல வாயிலில் ஒரு மணி இருந்தது. அது ஒலித்த அன்றே வழக்குக் கேட்கப்பட்டது. கேட்டவன் தன் மகன் என்று பார்க்கவில்லை. கதையில் இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் உயிர்ப்பித்தான். நம் சாலைகளில் இறந்தவர் மீள்வதில்லை. ஆதலால், மணியோசைக்கு விடையளிப்பதில் ஏழாண்டு தாமதிக்கும் உரிமை நமக்கு இல்லை.