மருத்துவரின் செய்திறனை நோயாளியின் அருகிலிருந்து மதிப்பிடக் கோரும் மனு

அனுப்புநர்: மருத்துவ மாணவர் மற்றும் பயிற்சி மருத்துவர் சங்கம்.

பெறுநர்: தலைவர், இளநிலை மருத்துவக் கல்வி வாரியம், தேசிய மருத்துவ ஆணையம், புது தில்லி.

பொருள்: எம்.பி.பி.எஸ். படிப்பிலும் ஹவுஸ் சர்ஜன் ஆண்டிலும் செய்திறனை நேரில் கண்டு மதிப்பிடுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மருத்துவரின் தொழில்திறன் என்பது அறிவு, கைத்திறன், நோயாளியிடம் பேசும் முறை, அறநெறி ஆகிய நான்கும் சேர்ந்தது. அதை அளப்பதற்கு ஜார்ஜ் மில்லர் 1990இல் நான்கு படிகளை வகுத்தார்: அறிந்திருத்தல், செய்யும் வழியை அறிந்திருத்தல், செய்து காட்டுதல், அன்றாடப் பணியில் செய்தல். எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடும். மூன்றாம் படிக்கு, ரொனால்ட் ஹார்டன் ஸ்காட்லாந்தின் டண்டீயில் உருவாக்கி 1975இல் வெளியிட்ட ‘ஆஸ்கி’ தேர்வு உண்டு. அதில் மாணவர்கள் பல நிலையங்களில் ஒரே அளவுகோலால் மதிப்பிடப்படுகிறார்கள். நான்காம் படியை வார்டில்தான் அளக்க முடியும்: மாணவர் நோயாளியைப் பரிசோதிக்க, ஆசிரியர் அருகிலிருந்து பார்த்து அப்போதே குறைநிறைகளைச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் 2019இல் சேர்ந்த மாணவர்கள் முதல் திறன்சார் பாடத்திட்டம் நடைமுறையில் உள்ளது. திறன்களைப் பதிய லாக்புக்கும் உண்டு. ஆனால் செய்ததைக் காணாமல் இடப்படும் கையெழுத்து எந்தத் திறனுக்கும் சான்றாகாது. முதுநிலை இடம் நீட் மதிப்பெண்ணால் முடிவாவதால், கைப்பழக்கம் பெற வேண்டிய ஹவுஸ் சர்ஜன் ஆண்டைப் பல்விடை வினாக்களுக்கான படிப்பு விழுங்குகிறது. 2019ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வகுத்த, எம்.பி.பி.எஸ். முடிப்போருக்கான ‘நெக்ஸ்ட்’ தேர்வு 2023இல் தள்ளிவைக்கப்பட்டது. அது வந்தாலும், எந்த ஒற்றைத் தேர்வும் வார்டு மதிப்பீட்டுக்கு மாற்றாகாது.

ஆகவே சங்கம் முன்வைக்கும் கோரிக்கைகள்:

1. ஹவுஸ் சர்ஜன் பணியின் 12 மாதங்களில், ஒவ்வொரு துறைப் போஸ்டிங்கிலும் வெவ்வேறு ஆசிரியர்கள் பலமுறை நேரில் கண்டு மதிப்பிட வேண்டும்.

2. லாக்புக்கில், செய்ததைக் கண்டவர் மட்டுமே அன்றே கையெழுத்திட வேண்டும்.

3. பிரசவம் பார்த்தல், காயத்துக்குத் தையலிடுதல், இதயம் நின்றவருக்கு உயிர்மீட்பு முதலுதவி ஆகியவற்றில் தேறாதவருக்கு, உதவித்தொகையை நிறுத்தாமல் மறுபயிற்சியும் மறுவாய்ப்பும் தர வேண்டும்.

4. ஆசிரியர்களுக்கு மதிப்பீட்டுப் பயிற்சி அளித்து, அதற்கான நேரத்தைப் பணிநேரத்திலேயே ஒதுக்க வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் இது நடவாது.

5. பணியிலுள்ள மருத்துவர்களின் தொடர் கல்வியில், வருகை நேரத்தோடு அவர்கள் தரும் சிகிச்சையின் தரத்தையும் ஆராய வேண்டும்.

தேறாத கையின் பிழையைச் சுமப்பவர் நோயாளியே. எனவே வரும் கல்வியாண்டிலேயே இவற்றை நடைமுறைப்படுத்த ஆணையிடுமாறு சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர்