ஏரிப் பறவைகளுக்கு ஒரு கவுல்

மார்கழி மாதத்து விடியற்காலை. ஒரகடம் நாற்சந்தியில் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இராத்திரி ஷிப்டு முடிந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். காலை ஷிப்டுக்காரர்கள் முண்டியடித்து ஏறுகிறார்கள். அந்த வேளையில் தலைக்கு மேலேயும் ஒரு ஷிப்டு மாறுகிறது. இரவெல்லாம் ஏரிக்கரையில் மீன் பிடித்த வக்காக்கள் மரத்துக்குத் திரும்புகின்றன. கொக்குகளும் நத்தைக்கொத்தி நாரைகளும் வேலைக்குப் புறப்படுகின்றன. அண்ணாந்து பார்க்கத்தான் யாருக்கும் அவகாசம் இல்லை!

உள்ளூர்ப் பறவைகளோடு, ஐப்பசி மாதம் தொடங்கிப் பங்குனி வரையில் நமக்கு வெளியூர் விருந்தாளிகளும் உண்டு. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி இமயமலையைத் தாண்டி வருகின்றன. ஏரியோரச் சேற்றில் உள்ளான்கள் ஓடுகின்றன. தந்திக் கம்பிகளில் தகைவிலான்கள் வரிசை கட்டுகின்றன. இந்தச் சின்னஞ்சிறு உயிர்களின் ஆற்றலை என்னென்பது! 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் பட்டைவால் மூக்கன் என்ற பறவை ஒன்று, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில், இடையில் எங்கும் இறங்காமல் கடந்தது. அதன் வயது ஐந்தே மாதம்!

இப்படி வருகிறவர்களுக்கு நாம் என்ன உபசாரம் செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர், ஏரிகளின் சீமை. இங்குள்ள ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. ஒன்றன் கையை ஒன்று பற்றியிருப்பவை. மேலேயுள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே கீழேயுள்ள ஏரிக்குத் தண்ணீர் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கம் போய்ச் சேருகிறது. செம்பரம்பாக்கத்துத் தண்ணீரையும் சென்னை நகரம் குடிக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு வரத்துக்காலை மதில் சுவரால் அடைத்தாலும் கேடுதான். மேலே வெள்ளம் தேங்கும். கீழே ஏரி வறளும். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கிச் சென்னையை மூழ்கடித்ததை மறந்தவர் உண்டா? தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

"வயிற்றுக்கு வேலை முக்கியமா, வாத்துக்கு இடம் முக்கியமா?" என்று சில அன்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கிய நாள் முதல், இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது தொழிற்சாலைச் சம்பளத்தால்தான். அதைக் குறை கூறுவது நன்றி கெட்ட செயலாகும். ஆனால் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2006-ல் ஆரவாரமாகத் தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டது. பின்னர் அந்த இடம் வேறு கம்பெனியின் கைக்கு மாறியது. தொழிற்சாலை மூடினால் இன்னொன்று வரக்கூடும். ஏரி மூடினால் இன்னொரு ஏரி வருமா?

இந்த வழக்குக்குத் தீர்ப்பு நம் பக்கத்திலேயே இருக்கிறது. வேடந்தாங்கல் அதிக தூரமில்லை. 1790-களில் செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டராக லயனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயர் இருந்தார். அப்போது வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஊர்க் குடியானவர்கள் சும்மா இருக்கவில்லை. கலெக்டரிடம் சென்று முறையிட்டு, இனி யாரும் சுடக்கூடாது என்று கவுல் எழுதி வாங்கினார்கள். ராணுவத்தை எதிர்த்து வழக்காடிய அவர்கள் படித்த மேதாவிகள் அல்லர், ஏர் உழுதவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள். ஜீவகாருண்யமும் ஜீவனமும் அவர்களுக்கு வேறு வேறாகத் தோன்றவில்லை. அந்த ஏரி 1998-ல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2022-ல் ராம்சார் என்னும் சர்வதேசப் பட்டியலிலும் இடம் பெற்றது. அஸ்திவாரம் அந்த உழவர்கள் போட்டதே.

வேடந்தாங்கலைக் காப்பாற்றினால் போதாதா என்றால், போதாது. பறவை கூடு கட்டுவது ஓரிடம். இரை தேடுவது சுற்றியுள்ள பல ஏரிகளிலும் வயல்களிலும். படுக்கையை மட்டும் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தை இடித்துவிட்டால் எந்த விருந்தாளி தங்குவார்?

ஆகவே தொழிற்பேட்டை ஏரிகளுக்கும் ஒரு கவுல் வேண்டும் என்பது என் கட்சி. அதில் எழுத வேண்டியவை அதிகமில்லை. வரத்துக்கால், கலங்கல், போக்குக்கால் இவற்றின் மேல் எவரும் சுவர் எழுப்பலாகாது. கழிவு நீர் ஒரு சொட்டும் ஏரிக்குள் வரலாகாது. தூர் எடுக்கும்போது ஏரி முழுவதையும் தொட்டிபோல் ஒரே ஆழமாக வெட்டிவிடாமல், ஓரத்தில் சரிவு விட வேண்டும். வாத்துக்கு நீந்துமளவு தண்ணீர் தேவை. உள்ளானுக்கோ கணுக்காலளவு நீரும் சேறும் போதும். பறவைகளிற் பல இரவில்தான் பிரயாணம் செய்கின்றன. ஏரிப்பக்கத்து விளக்குகளை ஆகாயத்தை நோக்காமல் தரையை நோக்கித் திருப்பிவைத்தால் அவை வழி தவறா. இவற்றில் எதனால் ஒரு தொழிற்சாலை நஷ்டப்பட்டுவிடும்?

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவை ஆர்வலர்கள் ஊரூராகப் பறவைகளை எண்ணி எழுதுகிறார்கள். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளைக் குறித்தால் போதும். பள்ளிப் பிள்ளைகள் அதைச் செய்யட்டும். விடுமுறையில் இருக்கும் தொழிலாளிகளும் செய்யட்டும். இவ்வாண்டு இத்தனை, சென்ற ஆண்டு அத்தனை என்று கணக்கு இருந்தால்தான், குறைந்தபோது "ஏன்?" என்று கேட்க நமக்கு வாய் இருக்கும். கணக்கில்லாத சொத்து களவு போனாலும் தெரியாதல்லவா?

பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுப் பல மாநிலங்களிலிருந்து ஒரகடம் வந்திருக்கும் இளைஞர்களும் இளம் பெண்களும் எத்தனையோ பேர். இரைக்காகக் கடலும் மலையும் கடந்து வரும் பறவையின் கஷ்டம் அவர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? இரு சாராருக்கும் இங்கே இடம் இருக்கிறது. மனம் இருந்தால் போதும். அன்று ஏர் பிடித்த கைகள் வேடந்தாங்கலுக்குக் கவுல் வாங்கின. இன்று இயந்திரம் பிடிக்கும் கைகள் ஸ்ரீபெரும்புதூர் ஏரிகளுக்கு ஒன்று வாங்கித் தரட்டும்!