இறந்த பின்னும் காக்கப்பட வேண்டிய நற்பெயர்

2021ஆம் ஆண்டு ஜூலை 5, திங்கள்கிழமை. 84 வயது முதியவர் ஒருவரின் ஜாமீன் மனு மும்பை உயர்நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. வாதம் தொடங்குமுன், பாந்திரா திருக்குடும்ப மருத்துவமனையின் மருத்துவர் சில வார்த்தைகள் சொல்ல விரும்புவதாக வழக்கறிஞர் தெரிவித்தார். மனுதாரர் அன்று பிற்பகலில் இறந்துவிட்டார் என்பதே அந்தச் செய்தி. இயேசு சபை அருள்பணியாளர் ஸ்டேன் சுவாமியின் ஜாமீன் மனு அத்தோடு முடிந்தது.

மனு முடிந்தது. வழக்கும் அவரைப் பொறுத்தமட்டில் முடிந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால் அவர்மீதான வழக்கு அற்றுப்போகும் என்பது சட்டம். இனி யாரும் அவரைத் தண்டிக்க முடியாது என்று நாம் ஆறுதல் அடையலாம். ஆனால் அதே சட்டத்தின்படி, இனி யாரும் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவிக்கவும் முடியாது. தடைசெய்யப்பட்ட மாவோயிஸ்ட் கட்சியோடு சேர்ந்து சதி செய்ததாகக் குற்றப்பத்திரிகை சொல்கிறது. அதற்கு முகாந்திரம் இருப்பதாக, 2021 மார்ச்சில் ஜாமீனை மறுத்த சிறப்பு நீதிமன்றத்தின் ஆணையும் சொல்கிறது. விசாரணையே நடக்காத வழக்கில் இந்த இரண்டு தாள்களும் அப்படியே நிற்கின்றன. ஒருவருடைய பெயருக்கு இதைவிடக் கடினமான நிலை வேறு என்ன இருக்க முடியும்?

அவரை நம்மில் பலருக்குத் தெரியும். திருச்சிப் பகுதியில் 1937இல் பிறந்தவர். வாழ்வின் பெரும்பகுதியை ஜார்க்கண்டின் ஆதிவாசி மக்களோடு கழித்தவர். ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் 'பகாயிச்சா' என்ற சமூக மையத்தை உருவாக்கியவர். காடும் நிலமும் கனிமமும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் செய்த ஒரு வேலையை இங்கே குறிப்பிட வேண்டும். 'நக்சல்' என்று முத்திரை குத்தப்பட்டு, விசாரணைக் கைதிகளாக ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களைப் பற்றி அவர் ஆய்வு நடத்தினார். அவர்களுக்காக ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றத்துக்கும் சென்றார். அதாவது, பிறருடைய கெட்டுப்போன பெயரை மீட்டுக் கொடுப்பதே அவருடைய கடைசிக்காலப் பணியாக இருந்தது. 2020 அக்டோபர் 8 இரவு தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தபோது, அதே முத்திரை அவர்மீதே விழுந்தது. 2018 புத்தாண்டு நாளில் மகாராஷ்டிரத்தின் பீமா கோரேகானில் நடந்த வன்முறையை ஒட்டி எழுந்த வழக்கு அது. அந்த ஊருக்குத் தாம் போனதே இல்லை என்று, கைதாவதற்கு முன் பதிவுசெய்த காணொளியில் அவர் சொல்லியிருந்தார்.

திருவிவிலியத்தில் இதைப்போன்ற ஒரு வழக்கு உண்டு. அரசர்கள் முதல் நூல் 21ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யெஸ்ரயேல் ஊரானாகிய நாபோத்துக்கு அரசனின் அரண்மனையை அடுத்து ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. முன்னோர் வழிவந்த நிலம் என்பதால் அதை விற்க மறுத்தான். அரசன் ஆகாபு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான். அரசி ஈசபேல் படுக்கவில்லை. அவள் வீரர்களை அனுப்பித் தோட்டத்தைப் பிடுங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரச முத்திரையிட்ட மடல்களை எழுதினாள்; நோன்பு அறிவிக்கச் செய்தாள்; நாபோத்தை மக்கள்முன் நிறுத்தி, இரண்டு சாட்சிகளை வைத்து, கடவுளையும் அரசனையும் பழித்தான் என்று சொல்ல வைத்தாள். இறைநிந்தனை, அரச துரோகம் ஆகிய இரண்டும் ஒரே வாக்கியத்தில்! முதலில் பெயர் போனது, பிறகு உயிர் போனது, கடைசியில்தான் நிலம் போனது. இந்த வரிசை தற்செயலானது அல்ல. நல்ல பெயரோடு இருக்கும் ஒருவனைக் கல்லெறிந்தால் ஊர் கேள்வி கேட்கும். பெயரைக் கெடுத்துவிட்டால் ஊரே கல்லைக் கையில் எடுக்கும்.

நம் தமிழ் மண்ணிலும் ஒருவர் அரச துரோகி என்ற பழியோடு ஆரல்வாய்மொழியில் 1752இல் கொல்லப்பட்டார். மறைசாட்சி தேவசகாயத்தைத் திருஅவை 2022 மே 15 அன்று புனிதர் என்று அறிவித்தது. இடையே 270 ஆண்டுகள்.

ஸ்டேன் சுவாமி கைதானபோது நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் என்ன பேசிக்கொண்டோம்? பலர் செபித்தார்கள், மெழுகுதிரி ஏந்தினார்கள். உண்மைதான். ஆனால் திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்ற பேச்சும், வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய பேச்சும் வேறு விதமாகவும் இருந்தன. "சாமியாருக்கு எதற்கு இந்த வேலை?" என்றார் ஒருவர். "நெருப்பில்லாமல் புகையுமா?" என்றார் இன்னொருவர். குற்றப்பத்திரிகையின் ஒரு பக்கத்தையாவது படித்தவர்கள் அவர்களில் எத்தனைபேர்?

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, எட்டாம் கட்டளையை விளக்கும்போது பிறர் பெயருக்கு எதிரான மூன்று பாவங்களைப் பிரித்துக் காட்டுகிறது (எண் 2477). போதிய ஆதாரமின்றி ஒருவர்மீது குற்றத்தை மனதுக்குள்ளாவது ஏற்றுக்கொள்வது முதலாவது. தகுந்த காரணமின்றி, ஒருவருடைய உண்மையான குறையை அறியாதவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது இரண்டாவது. பொய் சொல்லிப் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. ஒப்புரவு அருட்சாதனத்தில் மூன்றாவதைச் சொல்பவர்கள் உண்டு. இரண்டாவதைப் பாவம் என்றே பலர் நினைப்பதில்லை. 'நடந்ததைத்தானே சொன்னேன்' என்பார்கள். முதலாவதோ நாக்கைக்கூடத் தொடுவதில்லை. உள்ளத்திலேயே தீர்ப்பு எழுதி முடிந்துவிடுகிறது. புகையைப் பற்றிய அந்தக் கேள்வி இந்த முதல் வகையைச் சேர்ந்தது. புறங்கூறுவது களவைவிடக் கொடியது என்கிறார் புனித தோமா அக்குவினார். உடைமைகளைவிட நற்பெயர் மேலானது என்பது அவர் சொல்லும் காரணம். திருவள்ளுவரும் புறங்கூறாமைக்குத் தனி அதிகாரம் வகுத்திருக்கிறார். ஸ்டேன் சுவாமியின் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரோ தம் ஆன்மீகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே, அடுத்தவர் சொல்வதைக் கண்டனம் செய்வதைவிட அதற்கு நல்ல பொருள் கொள்ளவே விரைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் புறணியைப் பயங்கரவாதத்துக்கு ஒப்பிட்டுப் பலமுறை பேசினார். மிகைப்படுத்துகிறார் என்று அப்போது சிலர் சிரித்தார்கள். பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒரு முதியவர் சிறைப்பட்ட நாட்டில் அந்த ஒப்புமை வேறுவிதமாய் ஒலிக்கிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கிறிஸ்தவன் பெயரைப் பற்றிக் கவலைப்படலாமா? தம் பொருட்டுப் பொய்யாய்ப் பழிக்கப்படும்போது மகிழ்ந்திருங்கள் என்றுதானே மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னார்? அவரையே பெருந்தீனிக்காரன், குடிகாரன் என்றார்கள். குற்றவாளிகள் நடுவே சிலுவையில் ஏற்றினார்கள். அவர் தமக்காக வாதாடவில்லையே?

திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரம் இதற்கு வழிகாட்டுகிறது. பிலிப்பி நகரில் பவுலையும் சீலாவையும் விசாரணையின்றி மக்கள்முன் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள், போகலாம் என்று ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை! பலர் அறிய அடித்துவிட்டு யாருக்கும் தெரியாமல் அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துச் செல்லட்டும் என்றார். ஏன் இந்தப் பிடிவாதம்? அடிபட்டதற்காக அவர் இழப்பீடு கேட்கவில்லை. தமக்கு மரியாதை வேண்டும் என்பதும் அவர் நோக்கமாய்த் தெரியவில்லை. லீதியாவின் வீட்டில் புதிதாய்த் தளிர்த்த ஒரு சபை இருந்தது. அதன் ஊழியர்கள் குற்றவாளிகளாய் ஊரைவிட்டு ஓடினார்கள் என்ற பேச்சு நிலைத்தால் அந்தச் சிறு கூட்டம் என்ன ஆகும்? தன் பெயரை விட்டுக்கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு. அடுத்தவருடைய பெயரை விட்டுக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை. ஸ்டேன் சுவாமி தாம் துன்பங்களை ஏற்கத் தயாராய் இருந்தார் என்பதைக் காட்டி, 'அதனால் நாமும் பேசாமல் இருப்போம்' என்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அதே வேளையில், நற்பெயர் என்ற சொல்லை நாம் கவனமாகக் கையாள வேண்டும். தானியேல் 13இல் வரும் சூசன்னாவின் கதையைப் பொய்க்குற்றச்சாட்டின் கதையாக மட்டுமே நாம் வாசிக்கிறோம். அந்த இரண்டு முதியோரும் மக்களின் நடுவர்கள்; மதிப்புள்ளவர்கள். சபை அவர்களை நம்பியதற்குக் காரணம் அவர்களுடைய நற்பெயர்தான்! பெண்ணின் சொல் அந்தப் பெயருக்குமுன் எடுபடவில்லை. நம் காலத்தில், சிறாருக்கு எதிரான பாலியல் கொடுமைகளைத் திருஅவையின் பெயர் கெட்டுவிடும் என்று சொல்லி மறைத்த வரலாறு பல நாடுகளில் வெளிவந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் சட்டம் இயற்றி, இத்தகைய புகார்களை அறிவிப்பதைக் குருக்களுக்கும் துறவியருக்கும் கடமையாக்கினார். எனவே 'நம் சாமியார்மீது புகாரா, பொய்யாய்த்தான் இருக்கும்' என்பதும் ஆராயாத தீர்ப்புதான். தானியேல் சூசன்னாவுக்காக உணர்ச்சிவயப்பட்டு முழங்கவில்லை. இரண்டு சாட்சிகளையும் பிரித்து வைத்தார். எந்த மரத்தடியில் என்று தனித்தனியே கேட்டார். பெயரைக் காக்கும் வழி விசாரணை. ஸ்டேன் சுவாமிக்குக் கிடைக்காமல் போனதும் அதுதான்.

அவருக்குக் கிடைத்தவற்றை நாடு பார்த்தது. நடுக்குவாத நோயால் கை நடுங்க, குவளையைப் பிடிக்க முடியாதவர், உறிஞ்சுகுழலும் மூடியுள்ள குவளையும் கேட்டு 2020 நவம்பரில் நீதிமன்றத்தில் மனுச்செய்தார். பதில் சொல்ல 20 நாள் அவகாசம் கேட்கப்பட்டது. தலோஜா சிறையில் உடன்கைதிகள் அவருக்கு உணவூட்டினார்கள், குளிக்க உதவினார்கள். இறந்த பின்னும் ஒன்று நடந்தது. அதே ஜூலை மாதம், வழக்கைக் கேட்ட நீதிபதிகளில் ஒருவர் அவருடைய சேவையைப் பாராட்டி வாய்மொழியாக இரண்டு வார்த்தை சொன்னார். புலனாய்வு முகமையின் தரப்பு ஆட்சேபித்தது. சில நாள்களில் அவர் தம் சொற்களைத் திரும்பப் பெற்றார்.

அதன்பின் 2021 டிசம்பரில் இயேசு சபை அருள்பணியாளர் பிரேசர் மஸ்கரேனாஸ் மும்பை உயர்நீதிமன்றத்தில் மனுத்தாக்கல் செய்தார். இறந்தவருடைய பெயரிலிருந்து பழியை நீக்க வேண்டும் என்பதே வேண்டுகோள். அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையில் நற்பெயரும் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் 2016இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. உயிரோடு இருக்கும்போது இருந்த உரிமை இறந்ததும் போய்விடுமா என்பது கேள்வி. இன்னொரு சிக்கலும் உண்டு. தண்டனைக்கு எதிராக மேல்முறையீடு செய்தவர் இறந்தால் அதை நெருங்கிய உறவினர் தொடரலாம் என்று அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 394ஆம் பிரிவு அனுமதித்தது. யார் நெருங்கிய உறவினர்? பெற்றோர், துணைவர், வழித்தோன்றல்கள், உடன்பிறந்தோர். மனைவி மக்களைத் துறந்து வந்த ஒரு துறவிக்கு, 84 வயதில், அந்தப் பட்டியலில் யார் மிஞ்சியிருப்பார்கள்? அவருடைய சபைச் சகோதரர்கள் அந்த இடத்தில் வந்து நின்றார்கள்.

1431இல் பிரான்சு நாட்டின் ஜோன் ஆப் ஆர்க் என்ற இளம்பெண்ணை ஒரு திருஅவை நீதிமன்றமே பேதகக்காரி என்று தீர்ப்பிட்டது, அவர் எரிக்கப்பட்டார். அவருடைய தாய் இசபெல் பெயரை மீட்கக் கேட்டு வழக்காடினார். 1456இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மகள் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தே அந்தத் தாய் கேட்டார்.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற கணினித் தடயவியல் நிறுவனம் ஓர் அறிக்கை தந்தது. அவருடைய கணினியில் ஆண்டுக்கணக்கில் ஊடுருவி, அவருக்குத் தெரியாமல் கோப்புகள் உள்ளே வைக்கப்பட்டன என்பது அதன் முடிவு. வழக்குகளில் குறுக்கு விசாரணைக்கு உட்படாத எந்த அறிக்கையையும் இறுதி உண்மை என்று நாம் சொல்ல மாட்டோம். நமக்கு வசதியாய் இருக்கிறது என்பதற்காகவும் சொல்ல மாட்டோம். ஆனால் அவர்மீதான குற்றச்சாட்டைச் சோதிக்க விசாரணை வராதது போலவே, இந்த அறிக்கையை அவர் சார்பில் முன்வைத்து வாதாடும் நாளும் வரவில்லை.

2025 ஆகஸ்டில் மும்பை புனித சவேரியார் கல்லூரியில் அவர் நினைவாக நடக்கவிருந்த சொற்பொழிவு, ஒரு மாணவர் அமைப்பின் எதிர்ப்புக்குப் பின் ரத்தானது. எதிர்த்தவர்கள் காட்டிய காரணம் அந்தக் குற்றச்சாட்டுதான். தமிழகத்திலும் இதைப்போன்றதொரு நிகழ்வு உண்டு. தருமபுரி மாவட்டத்தில் தனியார் நிலத்தில் அவருக்கு நினைவுக் கல்தூண் எழுப்ப முயன்றபோது, மாவோயிஸ்ட் தொடர்புள்ளவர் என்று கூறி வட்டாட்சியர் தடுத்தார். சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் அந்தத் தடையை நீக்கியது. பழங்குடி மக்களுக்காக அவர் உழைத்ததையும் நீதிபதி தம் ஆணையில் குறிப்பிட்டார். தூண் எழுப்புவதற்கு மட்டுமான ஆணை அது. மும்பையில் அவருடைய சகோதரர்கள் கேட்டது வேறு.