ஒரு கிலோ எவ்வளவு கனம்? கையில் தூக்கினால்தான் தெரியும்!

"ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம்?" என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள். "ஆயிரம்" என்று கோரஸாகப் பதில் வரும். "சரி, உன் ஸ்கூல் பேக் எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டால், ஒருவர் 2 என்பார், இன்னொருவர் 20 என்பார். வாய்ப்பாடு மனப்பாடம் ஆகிவிட்டது, அளவு இன்னும் மனசில் பதியவில்லை.

ஆழாக்கு என்றதும் எவ்வளவு அரிசி என்று அந்தக்காலப் பாட்டிகளுக்குக் கண்ணிலேயே தெரியும். காரணம், தினமும் அளந்தார்கள். 1956-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, படியும் சேரும் போய் கிலோவும் லிட்டரும் கடைத்தெருவுக்கு வந்தன. நம் பிள்ளைகளோ அவற்றைப் பெரும்பாலும் பாக்கெட்டின் மேல் அச்சாகத்தான் பார்க்கிறார்கள்.

வகுப்பறையில் செய்ய சில எளிய வழிகள் இதோ. ஒரே ஒரு விதி: அளப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தை எழுதிவிட வேண்டும்.

சாண் போட்டி: ஒரே மேசையை ஐந்து பேர் சாணால் அளக்கட்டும். விடைகள் வேறு வேறாக வரும். பூக்காரம்மாவின் முழமும் நம் முழமும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது அங்கேயே புரிந்துவிடும். பிறகு பழைய நாளிதழை ஒட்டி 1 மீட்டர் நாடா செய்து, அதே மேசையை அளந்தால் எல்லோருக்கும் ஒரே விடை!

லிட்டர் பெட்டி: நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 சென்டிமீட்டர் இருக்கும்படி அட்டைப்பெட்டி செய்து, உள்ளே பிளாஸ்டிக் கவரை விரியுங்கள். அதில் 1 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதன் எடை கிட்டத்தட்ட 1 கிலோ. எல்லோரும் ஒருமுறை கையில் தூக்கிப் பார்க்கட்டும்.

பேப்பர் படிக்கல்: 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம். பத்துத் தாளைச் சேர்த்து மடித்தால் 50 கிராம் எடைக்கல் தயார். ஹேங்கரின் இரண்டு முனையிலும் பேப்பர் கப் கட்டினால் தராசும் தயார். ரப்பர், பென்சில், கொய்யாக்காய் என எதையும் நிறுக்கலாம்.

ஸ்பூன் சோதனை: இதுதான் ரொம்ப முக்கியம். மருந்து பாட்டிலோடு வரும் மூடியில் 5 மில்லி தண்ணீரை அளந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்பூன்களில் ஊற்றச் சொல்லுங்கள். ஒன்றில் வழியும், இன்னொன்றில் பாதிகூட நிரம்பாது. சிரப்பை ஏன் சமையலறை ஸ்பூனில் கொடுக்கக் கூடாது என்று தனியாகப் பாடம் நடத்தவே வேண்டாம்.

கூடவே 0.5 மில்லியையும் 5 மில்லியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நோட்டில் புள்ளியைக் கவனிக்காமல் விட்டால் ஒரு மார்க் போகும். கைக்குழந்தையின் மருந்துச் சீட்டில் விட்டால், மருந்து பத்து மடங்காகிவிடும்.

டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊகம் தப்பானால் சிவப்பு மை வேண்டாம். எவ்வளவு தள்ளிப்போனது என்று பிள்ளையே பக்கத்தில் எழுதட்டும். ஒவ்வொரு முறையும் அந்த வித்தியாசம் குறையக் குறைய, அளவு மனசில் பதிகிறது என்று அர்த்தம்.

பெற்றோருக்கு இன்னும் சுலபம். அடுத்த முறை காய்கறிக் கடைக்குப் போகும்போது, தராசில் வைப்பதற்கு முன் தக்காளிப் பையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "எவ்வளவு இருக்கும், சொல்லு?" என்று கேளுங்கள்.