வானோட்டமும் வாய்பாடும்

1947ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. 2019ஆம் ஆண்டு ஐப்பசியிற் பலாலி நிலையம், யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பெற்றது. தலைக்குமேற் செல்லும் விமானத்தைத் தாமும் செலுத்த வேண்டுமென எம் மாணவர் அவாவுதல் இயல்பே. அவ்வவா போற்றற்குரியது. எனினும், அதற்குரிய ஆயத்தம் பற்றி யாம் ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

உயர்தரப் பரீட்சை முடிந்து மூன்றாண்டு கழிந்தபின், கணித நூலைத் தொடாத கையினராய்ப் பயிற்சிக் கழகத்தின் வாயிலிற் போய் நிற்றல் தகாது. காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் பெற்றோர் செலுத்தும் கட்டணம், பள்ளியிற் கற்றதை மீளக் கற்பதிலேயே கரைந்துபோகலாமா? புறப்படுமுன் மூன்று திங்கள், நாடொறும் ஒரு மணி நேரம் வீட்டிலிருந்து பழம்பாடத்தைப் புதுக்கிக்கொள்வதே அறிவுடைமை.

வேண்டப்படும் கணிதம் பெரிதன்று. நுண்கணிதம் வேண்டா. விகிதமும், அலகு மாற்றமும், எளிய அட்சரகணிதமும், திரிகோணகணிதமும் போதும். பௌதிகத்தில் விசை, திருப்பம், அமுக்கம், வெப்பநிலை, மின்னோட்டம் என்பன தெளிவாதல் வேண்டும்.

ஓர் உதாரணம் காட்டுவோம். பலாலியின் அகலக்கோடு ஏறத்தாழ 9 பாகை 47 கலை. சென்னை விமான நிலையத்தினது 12 பாகை 59 கலை. இரண்டும் ஏறக்குறைய வடக்குத் தெற்காக அமைந்துள்ளன. அகலக்கோட்டில் ஒரு கலை ஒரு கடல்மைலாதலின், இடைத்தூரம் 192 கடல்மைல். 120 நொட் வேகத்தில் வடக்கு நோக்கிச் செல்லும் சிறு விமானத்தை மேற்கிலிருந்து 20 நொட் காற்றுக் குறுக்கே தள்ளுமாயின், அதன் முகத்தை ஏறத்தாழ 10 பாகை இடப்புறம் திருப்புதல் வேண்டும். 60 மைலுக்கு ஒரு பாகை பிழைத்தால் ஒரு மைல் விலகும். சோழகத்தை எதிர்த்துத் தோணி செலுத்தும் எம் கடலோடிகள் அனுபவத்தால் அறிந்ததனை, விமானி முக்கோணத்தால் அறிகின்றான்.

'கணினி யாவற்றையும் செய்யுமே' என்பார் உளர். 1983ஆம் ஆண்டு ஆடித் திங்கள் 23ஆம் நாள், எயர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீரப்பெற்றது. மானி பழுதுற்றிருந்தமையாற் கையாற் கணக்கிட்டனர். லீற்றரைக் கிலோகிராமாக்க ஏறத்தாழ 0.8 ஆற் பெருக்க வேண்டிய இடத்தில், இறாத்தலுக்குரிய 1.77 ஆற் பெருக்கினர். ஏற்றப்பட்டது வேண்டியதிற் பாதியிலும் குறைவு. எஞ்சின்கள் நின்ற விமானத்தைக் கிம்லி என்னுமிடத்தில் இறக்கி, விமானிகள் 69 உயிர்களையும் காத்தனர். கருவி கைவிட்டவிடத்துக் கணக்கே துணை. அக்கணக்கும் பிழைத்தால் யாது செய்வது?

வினாவிடைத் தொகுதிகளை மனனஞ் செய்து தேறுவாரும் உளர். ஐரோப்பிய முறையில் ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 75 பெறுதல் வேண்டும். மனனம் அப்புள்ளியைத் தரலாம். முகிலிடை அறிவைத் தராது.

தமிழாசிரியர் என்ற முறையில் மற்றொன்றும் சொல்வோம். எம் மாணவருட் பலர் விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்றோர். விமானக் கல்வியோ ஆங்கிலத்தில் நிகழ்வது. அமுக்கத்தை நன்கறிந்தவனும் 'பிறெஷர்' எனக் கேட்டுத் திகைத்தல் கூடும். அது தமிழின் குறையன்று. பொருளைத் தமிழில் ஐயமறத் தெளிந்து, அதற்குரிய ஆங்கிலச் சொல்லை அருகே எழுதிப் பழகின், ஒரு திங்களில் அத்தடை நீங்கும்.

எமது கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் கற்பிப்போர் உளர். வானோட்டத் துறையில் அனுபவமுடைய பழைய மாணவர் எங்கிருப்பினும் அவர்தம் துணையையும் நாடலாம். இவ்விரு சாராரும் கூடி, விழைவோர்க்கு மாலை வகுப்பொன்று நடத்துவாராயின், அஃது இவ்விழாவின் நற்பயன்களுள் ஒன்றாகும். வானிற் பறக்க விரும்புவோர் முதலில் வாய்பாட்டிற் காலூன்றுக.